ஸ்லோவில் நிக்காத அம்பாசடரும் கொஞ்சம் கார்ப்ரேட்டர் வரலாறும்

பொட்டி தட்டுறவனுக்கு கார்ப்ரேட்டரைப் பத்தி என்ன தெரியும்னு கேட்டீங்கன்னா, போன சீசன் வரைக்கும் ஒண்ணும் தெரியாது. படிச்சது இன்ஜினியரிங்தான், ஆனா கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்க வீட்டு அம்பாசடர் ஐந்தருவி போற ரோட்டுல, நல்ல சாரல்ல, பின்னாடி வந்த வேன்காரங்க அத்தனை பேரும் ஹாரன் அடிக்க அடிக்க மூணு தடவை ஆஃப் ஆச்சு. அன்னிக்குப் பிடிச்ச கிறுக்குதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆபீஸ்ல ஆணி அதிகம் இருக்கிறவங்க சனிக்கிழமை படிச்சுக்கலாம்.

முதல்ல வண்டியைப் பத்தி. 1986 மாடல், பெட்ரோல், 1489 சி.சி. நான் பொறந்ததுக்கு அடுத்த வருஷம் அப்பா செகண்ட் ஹேண்டா வாங்கினது. தென்காசியில அப்போ டாக்ஸி ஸ்டாண்டுல நின்ன அம்பாசடர் முக்காவாசி டீசல். அதனால "பெட்ரோல் அம்பாசடர் வீடு"ன்னு எங்க தெருவுல ஒரு அடையாளம்கூட இருந்தது. அதுலதான் பழைய குற்றாலம், அதுலதான் பாபநாசம், அதுலதான் ஆரியங்காவு. பின்சீட்டுல ஏழு பேர் உட்கார்ந்து போன கதையெல்லாம் இருக்கு. கொசுவத்தி போதும், விஷயத்துக்கு வர்றேன்.

வியாதி ரெண்டு. ஒண்ணு, வண்டி ஸ்லோவில் நிக்காது. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா இன்ஜின் தடதடன்னு ஆடி அணைஞ்சிடும். இன்னொண்ணு இதுக்கு நேர் எதிர். சில சமயம் காலை எடுத்த பிறகும் இன்ஜின் ரேஸிங்லயே நிக்கும், இறங்கி வராது. ஒரு தடவை கோட்டைவாசல்ல இருந்து புளியரைக்கு இறங்கும்போது, அந்த எஸ் வளைவுக்கு முன்னால இப்படி ஆகிப்போச்சு. அப்பா பிரேக்கை மிதிச்சு, சாவியைத் திருப்பி, ஓரங்கட்டி நிறுத்தினார். பின்சீட்டுல அம்மா. அதோட அம்மா அந்த வண்டியில ஏறுறதை நிறுத்திட்டாங்க. அம்மா ஏறாத வண்டி எதுக்குன்னு அப்பாவும் முடிவுக்கு வந்துட்டார். "சீசன் முடியட்டும், எடைக்குப் போட்டுருவோம்." இரும்புக்கடைக்காரர் வந்து பார்த்துட்டு ஒரு விலையும் சொல்லிட்டுப் போயிருந்தார். எனக்கு இருந்தது மூணு வாரம், அதுவும் வொர்க் ஃப்ரம் ஹோம் தயவுல.

ஸ்லோவில் நிக்கிறது ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினை? வேகமா ஓடுற இன்ஜின் மெதுவா ஓட முடியாதா? இதைத் தேடப்போய்தான் வரலாறு பக்கம் போனேன்.

கார் பிறந்த காலத்துல கார்ப்ரேட்டர்னு இன்னிக்கு நாம சொல்ற சாமான் கிடையாது. பெட்ரோல் மாதிரி எளிதில் ஆவியாகிற திரவத்தை ஒரு டப்பாவுல வச்சு, அது மேல காத்தை இழுத்துவிட்டு, ஆவியோட சேர்த்து இன்ஜினுக்குள்ள அனுப்பினாங்க. கார்ல் பென்ஸோட மனைவி பெர்த்தா 1888 ஆகஸ்ட்ல, வீட்டுக்காரர்கிட்ட சொல்லாமலேயே, ரெண்டு பையன்களைக் கூட்டிக்கிட்டு மான்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரைக்கும் சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டிட்டுப் போனாங்க. வழியில எரிபொருள் தீர்ந்து, வீஸ்லோக்ங்கற ஊர்ல மருந்துக்கடையில லிக்ராயின் வாங்கி ஊத்தினது பிரபலமான கதை. அதைவிட எனக்குப் பிடிச்சது இன்னொண்ணு. எரிபொருள் குழாய் அடைச்சப்போ, தொப்பியில குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்தி அடைப்பை எடுத்தாங்க. உலகத்தோட முதல் நெடுந்தூர கார் டிரைவர்தான் முதல் ரோட்டோர மெக்கானிக்கும்!

இன்னிக்கு நமக்குத் தெரிஞ்ச ஸ்ப்ரே கார்ப்ரேட்டர் 1893 வாக்குல வந்தது. ஜெர்மனியில வில்ஹெல்ம் மேபாக், ஹங்கேரியில டோனாட் பாங்கியும் யானோஷ் சோன்காவும், ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே சமயம். தத்துவம் அதுக்கும் நூறு வருஷம் பழசு. குறுகலான குழாய் வழியா காத்து போனா வேகம் கூடும், அழுத்தம் குறையும். வென்ச்சுரி எழுதினது 1797ல, அதுக்கு அடிப்படை பெர்னூலி 1738ல எழுதினது. அழுத்தம் குறைஞ்ச இடத்துல ஒரு சின்ன ஓட்டையை வச்சா பெட்ரோல் தானா பீச்சிக்கிட்டு வரும். அந்த ஓட்டைதான் ஜெட். காத்து கூடினா பெட்ரோல் கூடும், குறைஞ்சா குறையும். ஒரு வரி கோடு இல்லாம, காத்தை வச்சே கணக்குப் போடுற மெஷின்.

ஆனா இந்தக் கணக்கு காத்து வேகமா ஓடினாத்தான் வேலை செய்யும். ஆக்சிலேட்டரை விட்டா த்ராட்டில்ங்கற வட்டத் தகடு வழியை மூடிடுது. மெல்லிசான இடைவெளியில கொஞ்சூண்டு காத்துதான் போகும். வென்ச்சுரியில காத்து ஏறக்குறைய நின்னே போகும், மெயின் ஜெட்ல இருந்து சொட்டு பெட்ரோல் வராது. அப்போ இன்ஜின் எதைக் குடிச்சு ஓடும்? அதனாலதான் ஐடிலிங்குக்குத் தனியா ஒரு பாதை போட்டாங்க. த்ராட்டில் தகட்டுக்குக் கீழ, இன்ஜின் உறிஞ்சுற பக்கத்துல, ஒரு சின்ன ஓட்டை. மேல அடைஞ்சு கிடக்கிறதால இன்ஜினோட உறிஞ்சல் கீழதான் பலமா இருக்கும். அந்த உறிஞ்சல் ஐடில் ஜெட் வழியா பெட்ரோலை இழுத்துக்கும். எவ்வளவு வரணும்கிறதுக்கு ஒரு திருகு (மிக்சர் ஸ்க்ரூ), தகடு எவ்வளவு திறந்து நிக்கணும்கிறதுக்கு இன்னொரு திருகு. ஓடுறதுக்கு ஒரு கார்ப்ரேட்டர், சும்மா நிக்கிறதுக்கு அதுக்குள்ளயே இன்னொரு குட்டி கார்ப்ரேட்டர். நான் முதல்ல செஞ்ச தப்பு, இது தெரியாம தகட்டுத் திருகை மட்டும் முறுக்கி முறுக்கி ஏத்தினது.

இதுக்கு வேற வழியே இல்லையான்னா, இருந்தது. இங்கிலாந்துல ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர்னு ஒருத்தர், செருப்பு வியாபாரக் குடும்பம். காத்தோட அளவுக்குத் தக்கபடி வென்ச்சுரியே விரிஞ்சு சுருங்குற கார்ப்ரேட்டரை உருவாக்கினார். முதல்ல போட்டது தோல் துருத்தி, செருப்புக்கடைக்காரர் இல்லையா! அதுதான் எஸ்.யூ., அதாவது ஸ்கின்னர்ஸ் யூனியன். பிரான்ஸ்ல கூடார், மெனெசோன்னு ரெண்டு பேர் செஞ்சது சோலெக்ஸ். இது நிலையான வென்ச்சுரி, தனி ஐடில் ஜெட். எங்க வண்டியில இருக்கிறது சோலெக்ஸ்.

பிரான்ஸ் சாமான் தென்காசிக்கு எப்படி வந்தது? நம்ம ஊர்ப் பக்கம் 1904லயே செங்கோட்டை வழியா கொல்லத்துக்கு ரயில் வந்தாச்சு. அதுக்குப் பிறகுதான் மோட்டார் காலம். மதுரையில டி.வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் விட்டார். ரெண்டாம் உலகப்போர்ல பெட்ரோலுக்கு ரேஷன் வந்தப்போ, கரியை எரிச்சு வர்ற வாயுவுல வண்டி ஓட்டுறதுக்கு டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்டே தயாரிச்சது. கரி அடுப்பைத் தூக்கிக்கிட்டு பஸ் ஓடுன காலம்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1953ல டாரிஃப் கமிஷன் ஒரு முக்கியமான வேலை பார்த்தது. வெளியில இருந்து பெட்டி பெட்டியா இறக்கி இங்க பூட்டி மட்டும் விக்கிற கம்பெனிகள் வேண்டாம், இங்கயே தயாரிக்கிறவங்கதான் வேணும்னு சொல்லிட்டாங்க. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டினாங்க. மிஞ்சினவங்க ஒவ்வொரு சாமானையா உள்நாட்டுல செய்ய வேண்டிய கட்டாயம். அதுல மெட்ராஸுக்கு அடிச்சது யோகம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூணாம் சீரிஸை வச்சு, கல்கத்தா பக்கத்துல உத்தர்பாராவுல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களோட கடைசியில அம்பாசடரைத் தயாரிக்க ஆரம்பிச்சது. நம்ம வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961ல இருந்து ஹெரால்டு தயாரிச்சது. சோலெக்ஸ் கார்ப்ரேட்டர்களைச் செஞ்சது சென்னையில இருந்த கார்புரேட்டர்ஸ் லிமிடெட். டிஸ்ட்ரிபூட்டர், காயில் மாதிரி மின்சார சாமானுக்கு 1961ல பாடியில லூகாஸ் டி.வி.எஸ். எங்க வண்டி பானட்டைத் திறந்தா, உடம்பு வங்காளம். மூச்சும் நெருப்பும் மெட்ராஸ். இதைக் கண்டுபிடிச்சப்போ காரணமே இல்லாம ஒரு சந்தோஷம்.

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தது. அதுக்கும் கார்ப்ரேட்டர்தான், ஆனா ஜப்பான் வம்சம். கார்புரேட்டர்ஸ் லிமிடெட்டே 1985ல ஜப்பானோட மிக்குனியைச் சேர்த்துக்கிட்டு யூகால் கம்பெனியைத் தொடங்கினது இந்தக் காலத்துலதான்.

இந்த இடத்துல சட்டமும் உள்ள நுழையுது. 1989ல வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 115ஆம் விதி. நாலு சக்கர பெட்ரோல் வண்டி ஐடிலிங்ல நிக்கும்போது புகையில கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது. ஓடும்போது அளக்கிறது கஷ்டம், நிக்கும்போது அளக்கிறது சுலபம், அதனால ஐடிலிங். ஊர் முழுக்க மெக்கானிக்குங்க என்ன செஞ்சாங்க? சர்டிபிகேட் வாங்குறதுக்கு முன்னாடி மிக்சர் ஸ்க்ரூவை உள்ள முறுக்கி பெட்ரோலைக் குறைக்கிறது, வாங்கினதும் வெளிய விடுறது. எங்க வண்டி அந்தத் திருகோட தலை தேஞ்சு மொழுக்குன்னு ஆனதுக்கு இதுவும் ஒரு காரணம்னு அப்பா கொஞ்சம் வெக்கத்தோட ஒத்துக்கிட்டார்.

2000த்தை ஒட்டி யூரோ விதிகள் வந்தப்போ கார்கள்ல கார்ப்ரேட்டர் கதை முடிஞ்சது. இன்ஜெக்ஷன் வண்டியில ஐடிலிங் ஒரு சாஃப்ட்வேர் வேலை. சுற்று குறைஞ்சா கம்ப்யூட்டரே காத்தைக் கூட்டும். பைக்குகள்ல மட்டும் கார்ப்ரேட்டர் இழுத்துப் பிடிச்சு நின்னது, 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்து அதையும் முடிச்சு வச்சது. அம்பாசடரே 2014 மே மாசத்தோட நின்னு போச்சு. அப்புறம் கார்ப்ரேட்டர் பார்க்கத் தெரிஞ்ச கை எங்க இருக்கும்?

பெரிய ஊர்ல இருக்கிற ஒரு ஒர்க்‌ஷாப்ல ரெண்டு வருஷம் முந்தி அப்பா விட்டிருக்கார். கார்ப்ரேட்டர் கிட் மாத்தினதா பில் போட்டாங்க. வண்டி வீட்டுக்கு வந்ததும் பழைய குருடி கதவைத் திறடிதான். பேர் வேண்டாம், ஆனா அவங்க செஞ்ச ஒரு காரியம் பின்னால வருது.

நான் எனக்குத் தெரிஞ்ச வழியில இறங்கினேன், அதாவது கூகிள். ஒரு அருமையான தியரி கிடைச்சது. பெட்ரோல் ஆவியாகும்போது சுத்தியிருக்கிற சூட்டை உறிஞ்சிக்கும், ஈரக்காத்து உள்ள போனா த்ராட்டில் தகட்டுல ஐஸ் கட்டும். பழைய விமானங்கள்ல இது நிஜமாவே ஆளைக் கொன்ன வியாதி, வெளிய வெயில் அடிக்கும்போதே உள்ள ஐஸ் கட்டும். குற்றாலம், சாரல், ஈரம்... அடிச்சது ஜாக்பாட்னு நெனச்சேன்.

தென்காசியில அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணாச்சி ஒருத்தர், தொழிலை மகன்கிட்ட விட்டுட்டு வீட்டுல இருக்கார். அவர்கிட்ட என் தியரியைச் சொன்னேன். சிரிக்காம கேட்டார். அப்புறம் சொன்னார், "குத்தாலத்துல ஐஸாடே? கார்ப்ரேட்டருக்குக் கீழதான் சைலன்சர் மேனிஃபோல்டு கிடந்து கொதிக்கி. அதுல ஐஸ் நின்னா நான் மீசையை எடுத்துருதேன். மொதல்ல கரண்டைப் பாரு, பொறவு பெட்ரோலைப் பாரு."

அன்னிக்கு ராத்திரி விளக்கை எல்லாம் அணைச்சுட்டு பானட்டைத் திறக்கச் சொன்னார். இன்ஜின் ஓடிட்டு இருக்கு. பூச்செடிக்குத் தண்ணி அடிக்கிற ஸ்ப்ரேயரால டிஸ்ட்ரிபூட்டர் மூடி மேல லேசா ஒரு பனி அடிச்சார். நீல நீலமா நெருப்பு மூடி மேல புழு மாதிரி ஓடுது! இன்ஜின் தடுமாறி நின்னே போச்சு. மூடியில மயிரிழை விரிசல். காஞ்ச நாள்ல ஒண்ணும் தெரியாது. சாரல் விழுந்தா பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் ஈரத்துல நழுவிப் போயிடும். மூடி, ரோட்டர், நாலு வயர், பிளாட்டினம் மாத்தினோம். சாரல்ல ஆஃப் ஆகிறது அதோட நின்னது. கார்ப்ரேட்டரை இதுவரைக்கும் யாரும் தொடவே இல்லைங்கிறதை கவனிங்க.

ஆனா ஐடிலிங் இன்னும் ஆடிக்கிட்டுத்தான் இருந்தது. நான் ஆன்லைன்ல வாங்கின வேக்குவம் கேஜை மாட்டினேன். முள் 18, 19ல ஆடாம நிக்கணும், இது 14ல நின்னு நடுங்குச்சு. எங்கயோ காத்து திருட்டுத்தனமா உள்ள போகுது. அண்ணாச்சிக்கு கேஜ் எல்லாம் தேவைப்படல. த்ராட்டில் தகட்டைத் தாங்குற கம்பி ரெண்டு பக்கமும் கார்ப்ரேட்டர் உடம்பை விட்டு வெளிய வரும் இல்லையா, அங்க ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் விட்டார். சத்தம் உடனே சீரா மாறுச்சு. ஒரு நிமிஷம் கழிச்சு ஆயிலை உறிஞ்சிட்டு மறுபடி தடதட.

முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆக்சிலேட்டரை மிதிச்சு மிதிச்சு, கம்பி போற துளை முட்டை மாதிரி தேஞ்சிருக்கு. வேகமா போகும்போது ஆயிரம் பங்கு காத்துல பத்து பங்கு திருட்டுக் காத்து சேர்ந்தா யாருக்குத் தெரியப்போகுது? ஐடிலிங்ல மொத்தமே முப்பது பங்குதான், அதுல பத்து சேர்ந்தா மிக்சர் பாழ். (எண்கள் புரியறதுக்காகச் சொன்னது.) அதோட ரேஸிங்ல மாட்டிக்கிற வியாதிக்கும் இதேதான் பாதிக் காரணம். தேஞ்ச துளையில கம்பி சாஞ்சு, தகடு சுவர்ல உரசி, முழுசா மூடாம நிக்கும். மீதிக் காரணம் ரிட்டர்ன் ஸ்பிரிங். எந்தக் காலத்துலயோ யாரோ ஏதோ வண்டி ஸ்பிரிங்கை வளைச்சு மாட்டியிருக்காங்க. புளியரையில அம்மா உயிரைக் கையில பிடிச்சது இந்த ரெண்டாலதான்.

கார்ப்ரேட்டரைக் கழட்டினா இன்னும் கண்காட்சி. மிதவை அறையில வெள்ளைப் பவுடரும் பழுப்புப் பிசினும். இது வண்டி மாசக்கணக்கா ஷெட்டுல நின்னதால வந்தது, கூடவே எத்தனால். 2003ல 5 சதவீதம்னு ஆரம்பிச்சு, 2022ல 10, 2025ல 20 சதவீதம் வரைக்கும் பெட்ரோல்ல எத்தனால் கலக்க ஆரம்பிச்சுட்டாங்க. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பரை ஊற வைக்கும். ஆக்சிலேட்டர் பம்ப் டயாஃபிரம் அப்பளம் மாதிரி உப்பி ஓரத்துல கிழிஞ்சிருந்தது, மிதிச்சதும் வண்டி ஒரு நொடி மூச்சை அடக்கினது அதனால. இன்னொரு கணக்கும் இருக்கு. சுத்த பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காத்து வேணும், 20 சதவீதம் எத்தனால் இருந்தா சுமார் 13.5 போதும். இன்ஜெக்ஷன் வண்டி அதைத் தானே கண்டுபிடிச்சு பெட்ரோலைக் கூட்டிக்கும். 1986 ஜெட்டுக்கு இது எப்படித் தெரியும்? அதோட கணக்குப்படி எப்பவும் கொஞ்சம் பட்டினிதான்.

அப்புறம்தான் அந்த ஒர்க்‌ஷாப் காரியம். அண்ணாச்சி ஐடில் ஜெட்டைக் கழட்டி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தவர், ஒண்ணும் சொல்லாம என் கையில கொடுத்தார். ஓட்டை வட்டமா இல்ல. யாரோ கம்பி விட்டுக் குடைஞ்சு பெருசாக்கியிருக்காங்க. திருட்டுக் காத்தால பெட்ரோல் பத்தல, அதுக்கு ஓட்டையைப் பெருசாக்கிட்டா சரியாப் போச்சு! நாங்க ஆபீஸ்ல செய்யாத வேலையா? பக் எங்கன்னு தெரியாதப்போ அவுட்புட்டை மட்டும் திருத்தி ரிலீஸ் பண்றது. ஜெட்டோட அளவு மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்குக் கணக்கு. பெர்த்தா அம்மா ஊசி விட்டது குழாய்லதான், ஜெட்டுல இல்ல.

லேத்துல கொடுத்து துளையை விரிச்சு, பித்தளை புஷ் அடிச்சு, புதுக் கம்பி போட்டோம். வேலைக்கு ரெண்டு நாள், லேத்துக்காரரைப் பிடிக்க ஒரு வாரம். ஜெட், அண்ணாச்சி வீட்டு பிஸ்கட் டப்பாவுல இருந்த பழைய கார்ப்ரேட்டர்ல இருந்து. ரப்பர் டியூப் எல்லாம் எத்தனால் தாங்குற புது ரகம். ஸ்பிரிங் ஒண்ணுக்கு ரெண்டா, ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு இழுக்கணும்னு அம்மா போட்ட கண்டிஷன். கடைசியில ட்யூனிங். இன்ஜின் நல்லா சூடானதும், மிக்சர் ஸ்க்ரூவை மெல்ல வெளிய விட்டுக்கிட்டே போனா சுற்று ஏறும், ஒரு இடத்துக்கு மேல மறுபடி தடுமாறும். அந்த உச்சியில விட்டுட்டு, தகட்டுத் திருகால வேகத்தைக் குறைக்கணும், மறுபடி மிக்சர், மறுபடி தகடு. முதல் தடவை நான் பண்ணினேன். அண்ணாச்சி கால் திருகு திருத்தினார். கேஜ்ல முள் 18ல நின்னது, அவர் கேஜைப் பார்க்கவே இல்ல. 700 சுற்றுக்குப் பக்கத்துல, நொடிக்கு இருபத்துச் சொச்சம் தடவை நெருப்பு, டம்ளர்ல தண்ணி வச்சு ஏர் கிளீனர் மேல வச்சா சிந்தல.

அந்த ஞாயித்துக்கிழமை சாரல் அடிச்சு ஊத்துச்சு. அப்பா, நான், முன்சீட்டுல அண்ணாச்சி. புளியரை தாண்டி எஸ் வளைவு ஏறி கோட்டைவாசல் வரைக்கும் போயி, டீ குடிச்சுட்டு இறங்கினோம். அதே இடத்துல அப்பா வேணும்னே காலை எடுத்தார். சத்தம் இறங்கி அடங்குச்சு. வளைவுல லாரிக்கு வழிவிட்டு ஓரமா நின்னோம், வண்டி நின்னது, இன்ஜின் நிக்கல. யாரும் ஒண்ணும் பேசல. அண்ணாச்சி மட்டும், "சோக்கு இன்னும் கொஞ்சம் டைட்டா இருக்குவே, அதையும் பாத்துருவோம்"னார்.

அம்மா இன்னும் ஏறல. "தென்காசிக் கோயில் வரைக்கும்னா வாரேன், மலைப்பக்கம் வேண்டாம்"ங்கிற அளவுக்கு இறங்கியிருக்காங்க. வெள்ளிக்கிழமை இரும்புக்கடைக்காரர் ஆள் கூட்டிக்கிட்டு வந்தார். அப்பா அவங்க ரெண்டு பேருக்கும் காபி கொடுத்து அனுப்பி வச்சார். விலையைப் பத்தி அவரும் பேசல, இவரும் பேசல.

டிஸ்கி: ஓட்டை குடைஞ்ச அந்த ஜெட் இப்போ ஆபீஸ்ல என் மானிட்டர் பக்கத்துல இருக்கு. என்னதுன்னு கேட்கிறவங்களுக்கு எல்லாம் இந்தக் கதையைச் சொல்றதால, டீமுல இப்போ யாரும் கேட்கிறதில்ல :-)